இருபத்தாறு பேருக்கு ரெண்டு கிலோ

அந்த டப்பாவ மடியில வைக்காதம்மா. மடிச்சூட்டுக்கு கிரீமு எளகிரும். ஏய், கீழயும் வைக்காத! இந்த டிரைவரு பிரேக்கு போடுத போட்டுக்கு அது நேரா முன்சீட்டுக்காரர் செருப்புல போயி நிக்கும். நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல, இப்பிடி சீட்டு மேல வையி. நான் தள்ளிக்கிடுதேன். இன்னும் கொஞ்சம் தள்ளுதேன். ம். இப்ப எல்லை சரியா இருக்கு.

கேக்குதான? இரு, இரு, கிலோவ நீ சொல்லாத. நான் சொல்லுதேன். ஒரு அடிக்கு ஒரு அடி. ஒசரம் ஒரு சாண் வராது. ரெண்டு கிலோ. என்ன, ரெண்டு தான? பாத்தியா! டேப்பு வைக்கல, தராசு வைக்கல, வெறுங்கண்ணு. முப்பத்தாறு வருசம் சர்வேயரா இருந்த கண்ணும்மா இது. ஞானசிகாமணி சர்வேயருன்னா பாளையங்கோட்டையில இருந்து ஏரல் வரைக்கும் தெரியும். இந்த ரோட்டோரத்துல நீ பாக்குத கல்லுல பாதிக் கல்லு நான் நட்டது.

நீயே வீட்டுல சுட்டதா? பரவால்லியே. ஆர்டர் எடுத்து, சுட்டு, நீயே பஸ்ஸுல கொண்டு போயி குடுக்க. நல்லது. மேல ஒரு சின்ன டப்பா வேற கெட்டியிருக்க. மெழுகுவத்தியா? சரி, அது கெடக்கட்டும். இது எத்தன பேருக்கு? இரு, அதையும் சொல்லாத. நீ சொன்னாலும் தப்பாத்தான் சொல்லுவ. கோவிச்சுக்காத, ஒனக்கு சுடத் தெரியும். எத்தன பேருக்கு வரும்ங்கது வேற வித்த. அது இந்த ஜில்லாவுல ஒருத்தருக்கும் தெரியாது.

கடையில போயி கேளு. கிலோவுக்குப் பத்துப் பேருன்னு வாய்ப்பாடு ஒப்பிப்பான். யாருல அந்தப் பத்துப் பேரு? பத்தும் ஒண்ணா? ஒரு ஊர்ல நூறு ஏக்கர் இருக்குன்னா நூறும் ஒரே மண்ணா? நஞ்சை இருக்கு, புஞ்சை இருக்கு, தரிசு இருக்கு. ஆளும் அப்பிடித்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக பூராம் நஞ்சை. எவ்வளவு பாய்ச்சுனாலும் இழுக்கும். குடும்பஸ்தன் புஞ்சை, அளவா திம்பான். பல்லு போனவிய, டயட்டுல இருக்க பொம்பளைக, சுகர்க்காரவிய, இவிய எல்லாம் தரிசு. தரிசுக்குப் போயி யாராவது தண்ணி பாய்ச்சுவாவளா?

எனக்கும் சுகர்தான். ஒம்பது வருசமா. ஆனா என்னைய நான் தரிசுல சேக்கல. ஏன்னா திங்கது வேற, பங்கு வேற. நான் தின்னா என்ன, திங்காட்டா என்ன? பட்டாவுல பேரு இருக்கணும்லா?

இன்னைக்கு அப்பிடி ஒரு விசேஷத்துக்குத்தான் போறேன். என் தங்கச்சி பேத்திக்கு மொதப் பிறந்தநாளு. தங்கச்சி பேரு பியூலா. என்ன அப்பிடிப் பாக்க? ஒனக்கும் ஒரு பியூலா தெரியுமோ? தெரியும், தெரியும். நம்ம பக்கத்துல கண்ண மூடிட்டு ஒரு கல்ல எறி, ஒரு பியூலா மேலதான் விழும். இரு, முடிச்சிருதேன்.

அவ ரெண்டு கிலோ கேக்கு சொல்லியிருக்கா. போன்ல கேட்டுக்கிட்டேன். யாரு யாரு வாராவன்னும் நைசாக் கேட்டுக்கிட்டேன். அவ வீட்டுல நாலு பேரு. மருமகன் வீட்டுல இருந்து ஏழு. பாஸ்டர் குடும்பம் மூணு. பக்கத்து வீட்டுக்காரவிய அஞ்சு. கொயர் பிள்ளைக ஆறு. எத்தன ஆச்சு? இருபத்தஞ்சு. நான் ஒண்ணு. இருபத்தாறு. பிறந்தநாளுக்காரி கணக்குல கெடையாது, மொத்தமே ரெண்டு பல்லு. கேக்குல கைய வைப்பா, அவ்வளவுதான். அது சேதாரம். அந்தச் சேதாரம், கத்தியில ஒட்டுதது, அட்டையில ஒட்டுதது, எல்லாம் அம்பது கிராம். ரெண்டு கிலோவுல அம்பது போச்சுன்னா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பது. இருபத்தாறால வகுத்துப் பாரு.

எழுபத்தஞ்சு. புள்ளி கெடையாது! எழுபத்தஞ்சுக்கு மேல ஒரு புள்ளி கெடையாதும்மா! நேத்து இந்தக் கணக்கப் போட்டுட்டு ஒத்தையில ஒக்காந்து சிரிச்சேன். வீட்டுல நான் ஒத்த ஆளுதான. வீட்டுக்காரி போயி நாலு வருசம் ஆச்சு. நானூறு பேருக்குக் கணக்குப் போட்டுருவேன், ஒத்த ஆளுக்கு ரசம் வைக்கத்தான் இன்னும் அளவு பிடிபடல. ஒண்ணு கூடிப் போகுது, இல்ல தொண்ட நனைய மாட்டேங்குது. ஒரு ஆளுக்கு அளக்கதுதாம்மா கஷ்டம்.

பியூலாட்ட சொன்னேன், "ரெண்டு கிலோ ரைட்டு, புள்ளியில்லாம வருது"ன்னு. அவ, "சரிண்ணே"ன்னா. அவளுக்கு என்ன புரியும்? எங்க பியூலாவுக்குக் கணக்கு வராது. சின்ன வயசுலயே வராது. எங்கப்பா கிறிஸ்மஸுக்கு ஒரு கேக்கு வாங்கிட்டு வருவாரு, செங்கலு மாதிரி, செங்கலு அளவுதான், செங்கலு கெட்டிதான். எனக்கும் அவளுக்கும் ரெண்டு பங்கு. வெட்டுதது நான்தான். நூலு வச்சுத்தான் வெட்டுவேன், கத்தி வச்சா உதிரும். நூலு வச்சாலும் கொஞ்சம் உதிரத்தான் செய்யும். அந்த உதிரு எனக்கு. அளந்தவனுக்குக் கூலி வேண்டாமா? அந்தப் பிள்ள ஒரு நாளு வாயத் தெறந்து கேட்டதில்ல. "அண்ணன் சரியாத்தான் வெட்டும்"ன்னு போயிரும். கணக்குத் தெரிஞ்சாத்தான கேக்கதுக்கு?

எங்கப்பா காலத்துக்குப் பொறவு எடத்தப் பிரிச்சதும் நான்தான். எட்டு சென்டு. நாலு அவளுக்கு, நாலு எனக்கு. ரோட்டுப் பக்கம் எனக்கு, பின்பக்கம் அவளுக்கு. அவளக் கெட்டிக்குடுத்தாச்சு, அவளுக்கு என்னத்துக்கு ரோடு? கல்லு நானே நட்டேன். வெளி ஆள விட்டா ஏமாத்திருவான்லா. பத்து வருசம் கழிச்சு ஒரு நாளு சும்மா இருக்கோமேன்னு அளந்து பாக்கேன், கல்லு அரை அடி அவ பக்கம் தள்ளி நிக்கி. அவ நட்ட மாமரம் ஒண்ணு அந்த அரை அடியில என் பக்கமா வந்துட்டு. தப்புதான். மனுசன் தான? சரி பண்ணணும்னா மனு குடுக்கணும், நோட்டீசு போகணும், நானே எனக்கு எதிரா சாட்சி சொல்லணும், எவ்வளவு அலைச்சல்! அவளுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்னு விட்டுட்டேன். ஆனா வருசம் தவறாம மாங்கா குடுத்து விட்டுருவேன். எண்ணித்தான். இருபது.

என்ன, என்னமோ சொல்ல வந்த? எறங்குத எடமா? எதுவா இருந்தாலும் ஸ்ரீவைகுண்டம் தாண்டித்தான இருக்கும்? இப்பத்தான் கருங்குளமே வந்திருக்கு. கேளு.

நியாயமா அவ கல்யாணக் கேக்குலயே எனக்கு ஒரு பேரு கெடச்சிருக்கணும். அவ கல்யாணமில்ல, அவ மக ஷைனி கல்யாணம். அன்னைக்கு நடந்தது பூராம் பேக்கரிக்காரன் பண்ணுன மோசடி. நீ தொழில்காரி, நீயே தீர்ப்பு சொல்லு.

மூணு அடுக்கு கேக்கு. அடி அடுக்கு இவ்வளவு அகலம், நடு அடுக்கு இவ்வளவு, மேல ஒரு சின்ன அடுக்கு, அதுக்கு மேல ஒரு ஜோடி பொம்ம. மொத நாளு சாயங்காலமே ஹாலுல கொண்டு வந்து வச்சுட்டான். நான் டேப்போட போயி சுத்தளவு எடுத்தேன், ஒசரம் எடுத்தேன், ஒரு தாள்ல வரஞ்சேன். நஞ்சை புஞ்சை எல்லாம் பிரிச்சுப் பாத்தா நானூத்திப் பத்து பேருக்கு வருது. ஹாலுக்கு வந்த கூட்டம் எவ்வளவு? நானூத்தி ஏழு! மூணு பங்கு மிச்சம்!

பியூலா ஓடி வந்தா. "அண்ணே, அந்தக் கேக்குல..."ன்னு ஆரம்பிச்சா. நான் விடல. "நீ போயி மாப்ள வீட்டுக்காரவளக் கவனி. ஒனக்குக் கணக்கு வராது"ன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு திருப்பி வந்தா. "அண்ணே, துண்டெல்லாம் ஏற்கெனவே..."ன்னா. "பியூலா! நான் பாத்துக்கிடுதேன்!"ன்னேன். மூணாவது தடவ அவ வரல. அவ வீட்டுக்காரர் தேவசகாயம் வந்தாரு. நல்ல மனுசன், ஆனா வாய் திக்கும். அவரு "தெ... தெ..."ன்னு முடிக்கதுக்குள்ள நான் மேடைக்கு ஏறிட்டேன்.

பொண்ணு மாப்ள மேல் அடுக்குல ரிப்பன் கெட்டுன கத்திய வச்சு வெட்டுனாவ. ஒருத்தருக்கொருத்தர் ஊட்டுனாவ. கை தட்டுனாவ. பாஸ்டர் ஜெபம் பண்ணுனாரு. அத்தோட மேடைய விட்டு எறங்கிருவாவ. மிச்சத்த யாரு வெட்டுவா? நான் அடி அடுக்குக்குப் போனேன். நூலப் போட்டு இழுத்தேன். நூலு அறுந்துட்டு.

எனக்கு அப்பவே தோணிச்சு. என்ன தோணிச்சுன்னு கேளு. "நல்ல கெட்டிக் கேக்கு, எங்கப்பா வாங்குத மாதிரி"ன்னு தோணிச்சு.

கத்திய எடுத்தேன். வச்சு ஒரு இழுப்பு இழுத்தேன். கிரீஈஈச்சுன்னு ஒரு சத்தம்! மைக்கு பக்கத்துல இருந்துச்சா, ஹாலு பூராம் கேட்டுட்டு. மொத வரிசையில இருந்த அத்தன பேரும் தாடையப் பிடிச்சுக்கிட்டாவ, பல்லு கூசி. நான் விடுவேனா? கெட்டிக் கேக்குன்னா அழுத்தித்தான இழுக்கணும்? இழுக்க இழுக்க வெள்ளை வெள்ளையா உருண்ட உருண்டையா பொங்கி வருது. மேல மூணு ஃபேனு. நான் பனி பெய்யுத ஊர்ப்பக்கம் போனதில்லம்மா. ஆனா அன்னைக்குப் பாத்தேன். சம்பந்தகாரரு கறுப்புக் கோட்டு போட்டிருந்தாரு. அஞ்சே நிமிசத்துல அவரு ஒரு வெள்ளாடு மாதிரி ஆயிட்டாரு.

தெர்மாகோல்! அடியில ரெண்டு அடுக்கும் தெர்மாகோலு! மேல ஐசிங்கப் பூசி வச்சிருக்கான் சவத்துப் பய! நீ சிரிக்க. ஒங்க தொழில்ல அது வழக்கமா? இருக்கும். காட்சிக்கு அடுக்கி வச்சிட்டு, திங்குத கேக்க தனியா வெட்டி, பொட்டலம் போட்டு, பின்னால ரூமுல அட்டப்பெட்டியில வச்சிருந்தானாம். பியூலாவுக்கு அது தெரியுமாம். தெரிஞ்சா அண்ணன்ட்ட சொல்ல வேண்டாமா?

அதுக்குள்ள நான் நாலு துண்டு வெட்டிட்டேன். மொதத் துண்டு யாருக்கு? சம்பந்தகாரரோட அக்கா, ரத்னாபாய் அம்மா, எம்பது வயசு. நான் என் கையாலயே குடுத்தேன். அந்த அம்மா மரியாதைக்காரவிய. வாயில போட்டதத் துப்பல. மெல்லுதாவ, மெல்லுதாவ, பாட்டு ரெண்டு சரணம் முடிஞ்சிட்டு, இன்னும் மெல்லுதாவ. பொறவு மெள்ளமா எங்கிட்ட சொன்னாவ, "தம்பி, கேக்கு நல்லா இருக்கு. இன்னும் ஒரு பத்து நிமிசம் வெந்திருக்கலாம்."

ஆனா ஒண்ணு பாத்துக்கோ. என் கணக்குல தப்பு கெடையாது. அது கேக்கா மட்டும் இருந்திருந்தா நானூத்திப் பத்து பேருக்குக் கன கச்சிதமா வந்திருக்கும். இத நான் மேடையிலயே மைக்குல சொன்னேன். யாரும் காது குடுக்கல.

பியூலா பின்னால ரூமுல நின்னு அழுதுக்கிட்டு இருந்தா. மக கல்யாணம்லா, சந்தோசத்துல அழத்தான் செய்வாவ. அதுக்குப் பொறவு ஆறு மாசம் போன் பண்ணல. கல்யாண அலுப்பு அப்பிடி. பிள்ள பிறந்ததுக்குப் போனுல சொன்னா. "பேரு ஒண்ணு சொல்லுண்ணே"ன்னா. நான்தான் எடுத்துக் குடுத்தேன், அக்சாள்னு. இந்தப் பக்கம் சுத்துப்பட்டு ஊர்ல எவளுக்கும் அந்தப் பேரு கெடையாது, விசாரிச்சுட்டுத்தான் வச்சேன். பொறவு ஞானஸ்நானத்துக்கு எனக்குச் சொல்ல மறந்துட்டா. வீட்டுல ஒரு விசேஷம்னா நூறு சோலி, நான் ஒண்ணும் நெனைக்கல. அன்னைக்கு வெட்டுன கேக்குல ஒரு துண்டு பேப்பர்ல சுத்தி ஆள்ட்ட குடுத்து விட்டிருந்தா. நான் தராசுல வச்சேன். இருபத்தெட்டு கிராம். நான் ஒண்ணும் நெனைக்கல.

போன வாரம் அவளே கூப்புட்டா. "அண்ணே, அக்சாளுக்குப் பிறந்தநாளு. நீ வரணும். அஞ்சரைக்கு வந்துரு. சும்மா கைய வீசிட்டு வா. ஒண்ணும் கொண்டு வராத, ஒண்ணையும் தொடாத, வந்து ஒக்காரு, போதும்"ன்னா. அண்ணனுக்கு வயசாச்சு, சிரமப்படுத்தக் கூடாதுன்னு அவளுக்கு ஒரு இது. நான் விடுவேனா? இந்தா, பையப் பாரு. ஸ்கேலு. நைலான் நூலு, ரெண்டு, ஒண்ணு அறுந்தா ஒண்ணு. தராசு, பேட்டரி புதுசு. லிஸ்டு, இருபத்தாறு பேரும் வரிசையா. கடைசியில பாரு, "ஞானசிகாமணி, 75". அஞ்சரைக்கு விசேஷம்னா நான் மூணு மணிக்கே அங்க நிப்பேன். எடத்த அளக்கணும்னா ஆளு கூடுததுக்கு முந்தி போயி நிக்கணும்மா. இது தொழில்ல மொதப் பாடம்.

இந்தத் தடவ கேக்கு உண்மையான கேக்கான்னு குத்தியும் பாத்துருவேன். அதுக்கு ஒரு ஊசியும்...

ஏல! டிரைவரு! கேக்கு இருக்குல்ல இங்க! ஏம்மா, பிடி பிடி! பிடிச்சிட்டேன், நான் பிடிச்சிட்டேன். ஒண்ணும் ஆகல. ஆட்டுக்குட்டி ஒண்ணு குறுக்க வந்துட்டு போல. மூடி மட்டும் கொஞ்சம் தெறந்துட்டு. ஒரு ஓரம்கூட நசுங்கல. நல்லா அழகா எழுதியிருக்க. ஹாப்பி பர்த்டே... இரு, கண்ணாடியப் போடுதேன்... அ... க்...

அக்சாளா?

அக்சாளுன்னா போட்டிருக்கு?

நீ எங்கம்மா எறங்குத? தேரிவிளைக்குப் பிரியுத விலக்கு ஸ்டாப்பா? பியூலா ஊருல்லா அது! அட! இத மொதல்லயே சொல்லக் கூடாதா? சொல்ல வந்தியா? எப்ப? ...சரி, அத விடு. அப்ப இது எங்க கேக்கு! நான் என் கேக்குக்கே எடம் குடுத்து ஒக்காந்திருக்கேன்! ரெண்டு கிலோன்னு நான் சொன்னேம்லா! ஆனா நீ ஏன் இவ்வளவு வெரசலாக் கொண்டு போற? வெயில்ல அஞ்சரை வரைக்கும் கிரீமு தாங்காதே.

மூணரைக்கா?

இல்லம்மா. மூணரைங்கது கேக்கு வந்து சேருத நேரமா இருக்கும். விசேஷம் அஞ்சரைக்கு. பியூலா எங்கிட்ட அவளே சொன்னா.

பாஸ்டருக்கு அஞ்சு மணிக்கு வேற ஊர்ல ஜெபம் இருக்கா. அதனால மூணரைக்கே வெட்டுதாவளா. ஒனக்கு நல்லாத் தெரியுமா? ஆர்டர் சொல்லும்போதே சொன்னாவளா. "மூணரைக்கு ஒரு நிமிசம் தாண்டக் கூடாது, அஞ்சு மணிக்குள்ள எல்லாம் தின்னு முடிஞ்சிருக்கணும்"ன்னா சொன்னா?

ம்.

ஃபேனுக்கு அடியில மேச போடக் கூடாதுன்னு அவளுக்கு ஞாபகம் இருக்குமோ என்னமோ.

எத்தன பிளேட்டு கேட்டா? பேப்பர் பிளேட்டும் ஒங்கிட்டதான சொல்லியிருப்பா? அந்தக் கட்டுதான அது? எத்தன?

இருபத்தஞ்சு.

இருபத்தஞ்சுதானா? ஒருக்கா எண்ணிப் பாரேன். இல்ல வேண்டாம், பிரிக்காத, தூசி விழும். நீ எண்ணித்தான் கெட்டியிருப்ப.

இரு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத இருபத்தஞ்சால வகுத்தா... எழுபத்தெட்டு.

எழுபத்தெட்டு. புள்ளி கெடையாது.

நான் இல்லாமலும் புள்ளியில்லாமத்தான் வருது, பாத்தியா.

இல்ல, ஒண்ணுமில்ல. வெயிலு. தண்ணி எங்கிட்டயே இருக்கு. நீ ஒண்ணும் நெனைக்காத. அவ மேல தப்பில்ல. நாலு பேரு வந்து போற எடம். ரத்னாபாய் அம்மாவும் வருவாவ, அந்த ஏழுல அவியளும் உண்டு. பாவம், எம்பத்திரெண்டு வயசு. என்னையப் பாத்தாலே அவியளுக்கு வாயி தானா மெல்ல ஆரம்பிச்சிருது.

ஒண்ணு செய்யுதேன். நான் தேரிவிளையில எறங்கல. இதே வண்டியில நாசரேத் வரைக்கும் போறேன். அங்க ஒரு டீய குடிச்சிட்டு, சும்மா ஒக்காந்துட்டு, திருப்பி வண்டி பிடிச்சு அஞ்சரைக்கு வாரேன். அவ சொன்ன நேரம் அஞ்சரைதான? சொன்ன நேரத்துக்குப் போறதுதான் மரியாத. முந்திப் போகவும் கூடாது, பிந்திப் போகவும் கூடாது. என்னைய வண்டியில பாத்தேன்னு அவகிட்ட சொல்லிக்கிடாத, கேட்டியா? பாவம், சங்கடப்படுவா.

இந்தா, இந்த நூல நீ வச்சுக்கோ. நைலான். கத்தியில வெட்டுனா ஒட்டும், நூல்ல வெட்டு. எழுபத்தெட்டு கிராம், மறந்துராத. கொயர் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூட வந்தாலும் பரவால்ல.

விலக்கு வரப்போகுது. பைய எடு, பிளேட்ட எடு. கேக்கு டப்பாவ நான் பிடிச்சுக்கிடுதேன், நீ எந்திரி. இந்தச் சின்ன டப்பா கழண்டு வருது பாரு. கெட்டு சரியில்ல. மெழுகுவத்திக்கு என்ன இவ்வளவு கனம்?

மெழுகுவத்தி இல்லையா? இதுவும் கேக்கா?

சீனி போடாததா? பேரீச்சம்பழத்துல செஞ்சதா? இது யாருக்கு? கூட்டத்துல எவனாவது சுகர்க்காரன்...

அஞ்சரைக்கு வாரவியளுக்கா?

அவளே சொன்னாளா? எப்பிடிச் சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லு. "அஞ்சரைக்கு எங்க அண்ணன் வருவாவ, அவியளுக்குத் தனியா, சீனி போடாம, முழுசா ஒண்ணு, வெட்டாம"ன்னா சொன்னா? வெட்டாமன்னா?

காட்டு. இப்பிடிக் காட்டு. கையில குடு. ஒரு நிமிசம். கண்டக்டரு, ஒரு நிமிசம் பொறுங்க, எறங்குதாவ, கையில கேக்கு இருக்குல்ல! எறங்கும்மா, நீ எறங்கு, பாத்து, மொதல்ல பெருசப் பிடி. இந்தா சின்னது. இல்ல, நான் வச்சுக்கிட மாட்டேன், நீயே கொண்டு போ. அவ மேசையில அது இருக்கட்டும். நான் அஞ்சரைக்கு வந்து வாங்கிக்கிடுதேன்.

ஆனா ஏம்மா, கால் கிலோ இருக்கேம்மா இது! மூணு பேருக்கு வரும். மூணு பேருக்குத் தாராளமா வரும்! ஒத்த ஆளுக்குப் போயி கால் கிலோவா?

நான் சொன்னேம்லா ஒங்கிட்ட. எங்க பியூலாவுக்குக் கணக்கே வராது.